ஒரே தடவை கேட்கிற பள்ளிக்கூடம்

1

2025 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 50 நிமிடம். மஸ்கட்டில் வானம் மூடிக்கிடந்தது. வண்டியில் இருந்த மானி 21 டிகிரி காட்டியது. விடியற்காலையில் விழுந்த தூறல் முன்கண்ணாடியில் இருந்த புழுதியைக் கரைத்து இரண்டு கோடுகளாக இழுத்துவிட்டிருந்தது. பள்ளியில் எங்களை வரச்சொன்ன நேரம் 9.30. நாற்பது நிமிடம் முன்னதாகவே கொண்டுவந்து நிறுத்தியதற்கு என் மகன் அருள் முணுமுணுத்தான். டயர் பஞ்சர் ஆனால் பதினெட்டு நிமிடம், விபத்தில் சாலை அடைபட்டால் இருபது நிமிடம், மிச்சம் இரண்டு நிமிடம் கைக்காவல் என்று நான் கணக்குச் சொன்னேன். மருமகள் ஜோஸ்பின், "மாமா, நீங்க சொல்ற மாதிரி எல்லாம் நடந்தா நாம வந்தே சேரமாட்டோம்" என்றாள்.

அன்றைக்கு என் பேத்தி அமலிக்குப் பள்ளியில் ‘பார்வை’. நுழைவுத் தேர்வு என்று சொல்லக் கூடாதாம். நாலரை வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரை ஓர் அறையில் விட்டு, விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து, இரண்டு டீச்சர்கள் நாற்பது நிமிடம் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். அதை வைத்துத்தான் செப்டம்பரில் முதல் வகுப்பில் இடம் உண்டா இல்லையா என்று முடிவு. பெற்றோரும் நானும் வெளியே வரவேற்பறையில். நடுவில் கண்ணாடிச் சுவர். சத்தம் கேட்காது, ஆனால் எல்லாம் தெரியும்.

மற்ற நான்கு பிள்ளைகளும் உள்ளே போன மூன்றாவது நிமிடத்தில் தரையில் கிடந்தார்கள். ஒரு பையன் களிமண்ணைத் தலையில் வைத்துக்கொண்டான். அமலி சுவரோரமாகக் கைகட்டி நின்றாள். சுருட்டை முடி டீச்சர் ஒருத்தி குனிந்து களிமண்ணை நீட்டினாள். அமலி வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வண்ணத்தூரிகை வந்தது. அதற்கும் நெஞ்சில் கை. பிறகு மரக்கட்டைகள், கைப்பொம்மை, மூன்று சக்கர சைக்கிள், கடைசியில் தட்டில் பிஸ்கட். ஆறு தடவை ஆறு சாமான் வந்தது. ஆறுக்கும் புன்னகையோடு வேண்டாம்.

நான் ஜோஸ்பினைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். களிமண் பையனின் தாயார் எங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளையைப் பார்த்தார். எழுபத்து நான்கு வயதில் எனக்கு மார்பு விரிந்தது. இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

2

ஊரில் இருந்துகொண்டு, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறவர்களும் அனுப்பிவிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால், எவ்வளவு முன்னேற்பாட்டோடு நாங்கள் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு வந்து சேர்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமலிக்கு ஒரு வயது பத்து மாதம் ஆனபோது நான் பள்ளிக்கூட நோட்டு போட்டேன். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். சிமெண்ட் மூட்டையிலிருந்து ஆணி வரை எண்ணிப் பழகிய கை சும்மா இருக்காது. ஓய்வுபெற்று வரதராசன்பேட்டைக்குத் திரும்பினேன். மனைவி காலமான பிறகு அருள் என்னை மறுபடி இங்கேயே அழைத்துவந்துவிட்டான். இப்போது என் வேலை, காலையில் அமலியைப் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளிக்குக் கொண்டுவிடுவது, 412 அடி. மதியம் கூட்டிவருவது, 430 அடி. வரும்போது அவள் பூனைகளுக்காகச் சுற்றிப்போவாள்.

நோட்டில் பதினான்கு பள்ளிகள், இருபத்து மூன்று கட்டங்கள். பெயரை எழுதவில்லை, எண் மட்டும். முதல் வகுப்புக் கட்டணத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, ஆறாம் வகுப்பில் அது எங்கே போய் நிற்கிறது என்று கேட்க வேண்டும். பள்ளி பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறதா, இல்லை ஐந்தோடு கைகழுவிவிடுமா? இங்கே வருடம் செப்டம்பரில் தொடங்குகிறது, நம் ஊரில் ஜூனில். மகனுக்கு நடுவில் வேலை போனால், பிள்ளை எந்த மாதத்தில் எந்த வகுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்? இங்கே படித்த சான்றிதழை அங்கே கல்லூரிச் சேர்க்கையில் ஏற்றுக்கொள்ள என்னென்ன தாள் வேண்டும்? வீட்டிலிருந்து எத்தனை சிக்னல்? இதெல்லாம் கட்டங்கள். ஒரு கட்டத்தில் தமிழ் உண்டா என்று எழுதி, பதினான்கு தடவை ‘இல்லை’ போட்டேன். அமலி என்னோடு தமிழில்தான் பேசுகிறாள், பொம்மைகளோடு இங்கிலீஷில். ஏன் என்று கேட்டதற்கு, "பொம்மைக்குத் தமிழ் தெரியாது தாத்தா" என்றாள். அந்தப் பொம்மைகளில் இரண்டு நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கியவை.

மூன்று வருடத்தில் பள்ளிகள் கழிந்தன. கட்டணத்தால் ஐந்து. தூரத்தால் நான்கு. ஐந்தாம் வகுப்போடு முடிவதால் இரண்டு. ஒன்றில் காத்திருப்போர் வரிசை முடியவே முடியாது போலிருந்தது. இன்னொன்று நம் நாட்டுப் பாடத்திட்டப் பள்ளி, அங்கே குலுக்கல், எங்கள் பெயர் விழவில்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று, எண் 4.

அதுவும் இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும் அருளும் ஜோஸ்பினும் பேசிவைத்திருந்தார்கள். ஜோஸ்பின் அமலியைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரில் தன் அண்ணன் சேவியர் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருப்பது, அருள் இங்கேயே வேலையில் தொடர்ந்து லீவுக்குப் போய்வருவது.

லீவுக்குப் போய்வருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அருள் பிறந்ததிலிருந்து அவனுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை நான் மஸ்கட்டில். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவு. ஒன்பது லீவு. பதினெட்டு வருடத்தில் நான் அவனோடு இருந்தது 405 நாள். ஒவ்வொரு லீவிலும் முதல் வாரம் அவன் என்னை ‘வாங்க போங்க’ என்பான். ‘வா போ’ என்று வரும்போது பெட்டி கட்ட நேரமாகிவிடும். இதை நான் அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. நோட்டில் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு போடாமல் விட்டிருந்தேன். அது அப்பா வீட்டில் இருக்கும் நாட்கள்.

3

அந்த ‘பார்வை’க்கு ஒரு மாதம் முன்னால், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தோம். பத்தொன்பது நாள்.

சேவியர் எங்களைப் பெரம்பலூரில் இறக்கிய மறுநாளே அந்தப் பள்ளிக்கூடத்தைக் காட்டக் கூட்டிப்போனார். நெடுஞ்சாலை ஓரம், இரண்டு பக்கமும் மக்காச்சோளம், நடுவில் பெரிய வளைவு, அதில் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று தங்க எழுத்து. உள்ளே குதிரை ஒன்று நின்றது. குதிரையேற்றமும் பாடத்தில் உண்டாம். நான் என் நோட்டை எடுத்தேன். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று ஆபீஸில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு புள்ளைங்க சிங்கப்பூர் ரிட்டர்ன் சார். ஒரு புள்ளை ஆந்திரா" என்றார். சேவியருக்கு என்மேல் வருத்தம். "மாமா, குதிரையப் பாக்காம நோட்டப் பாக்குறீங்களே" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பள்ளி நன்றாகவே இருந்தது. வகுப்புக்கு இருபத்தைந்து பிள்ளைகள், ஓடி விளையாட இடம், சுத்தமான தண்ணீர், கட்டணம் எண் 4-இல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சேவியர் வீட்டிலிருந்து வேனில் பதினான்கு நிமிடம். இருபத்து மூன்று கட்டத்தில் இருபத்து இரண்டில் அதுதான் ஜெயித்தது. தலைப்பில்லாத கட்டத்தை நான் நிரப்பவில்லை.

பிறகு சொந்தக்காரர் வீடுகள். மொத்தம் பதினொன்று. இரண்டாவது வீடு செந்துறையில் என் தங்கை வீடு. தட்டில் முறுக்கும் அதிரசமும் வந்தன. தங்கை தட்டை நீட்டியதுதான் தாமதம், அமலி முழுத் தட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "கேக் இல்லையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை வீட்டுக்காரர், "வெளிநாட்டுப் புள்ளைல்ல, கூச்சம்னா என்னன்னு தெரியல" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அந்த அதிரசம் இறங்கவில்லை.

காரில் ஏறியதும் அமலிக்குச் சொன்னேன். "யார் வூட்டுல எது குடுத்தாலும் மொதல்ல வேணாங்கன்னு சொல்லணும். ரெண்டாவது கேட்டாலும் வேணாங்க. மூணாவது கேட்டா வாங்கிக்கணும்." வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அருள், "நாலாவது கேட்டா?" என்றான். நாலாவது வரை யாரும் விடமாட்டார்கள் என்றேன். ஜோஸ்பினும் எனக்குத்தான் கட்சி. "எங்கம்மா என்னைத் தொடையில கிள்ளியே சொல்லிக்குடுத்தாங்க மாமா" என்றாள். வலது கையை நெஞ்சில் வைப்பது அவள் சேர்த்தது.

இந்த வழக்கத்தை நான் பாசாங்கு என்று நினைப்பதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பல வீடுகளில் இருந்ததே ஒரு தட்டு பலகாரம்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் ‘வேணாங்க’ கொடுக்கிறவர்களைத் தப்பிக்க விடுவதற்கு. இரண்டாவது, உண்மையிலேயே கொடுக்க மனமா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவையும் நீட்டினால் அது மனசார. அப்போது வாங்காமல் இருப்பதுதான் அவமரியாதை.

அமலி கெட்டிக்காரி. அடுத்த வீடு உடையார்பாளையம், வறுத்த முந்திரி. விரல் மடக்கி எண்ணி, மூன்றாவதில் வாங்கினாள். ஏலாக்குறிச்சியில் கேக், அப்படியே. குரும்பலூரில் ஜோஸ்பினுடைய சித்தி தன் பேரன்களைக் கூப்பிட்டு, "பாருங்கடா, பொறந்தது மஸ்கட்டு. எவ்வளவு அடக்கம் பாருங்க" என்று சொன்னார். மிச்சமிருந்த ஒன்பது வீட்டில் ஒன்பதிலும் அவள் தவறவில்லை. ஒன்பதுக்கு ஒன்பது என்று நான் நோட்டில்கூட எழுதினேன்.

4

பிப்ரவரி 10, திங்கட்கிழமை மதியம் எண் 4-இலிருந்து மின்னஞ்சல் வந்தது. அருள் ஆபீஸிலிருந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். அச்செடுத்த தாளை என் கையில் கொடுத்தான்.

குழந்தை அமைதியானவள், மரியாதையானவள் என்று ஆரம்பித்திருந்தார்கள். அதன் பிறகு, கொடுக்கப்பட்ட ஐந்து செயல்பாடுகளையும் மறுத்துவிட்டாள், சிற்றுண்டியைக்கூட ஏற்கவில்லை, புதிய சூழலில் ஈடுபடுவதில் தயக்கம் இருப்பதாகத் தெரிகிறது, தகுந்த நிபுணரிடம் காட்டி ஆலோசனை பெற்று அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம், இந்த ஆண்டு இடம் தர இயலாமைக்கு வருந்துகிறோம்.

ஜோஸ்பின் தாளை மூன்று தடவை படித்தாள். நிபுணர் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று எழுதியிருக்கிறார்களா என்று அருளிடம் கேட்டாள். இல்லை, இல்லை என்று அவன் சொன்னான், ஆனால் குரலில் உறுதி இல்லை. அமலி அந்த நேரத்தில் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாக வைத்து, அரியலூர் பஸ் என்று பெயர் சூட்டி, பொம்மைகளுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். தயக்கம் உள்ள பிள்ளை மாதிரி இல்லை.

ஜோஸ்பின் அவளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஸ்கூலில் கிளே பிடிக்கவில்லையா என்று கேட்டாள். பிடித்தது என்றாள். பெயின்ட்? ரொம்பப் பிடித்தது, நீலம் இருந்தது. பசி இல்லையா? பசித்தது. பின்னே ஏன் எதையுமே வாங்கவில்லை?

அமலி என்னைப் பார்த்தாள். சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி.

"அவங்க ஒரு தடவைதான் கேட்டாங்க தாத்தா."

அவள் இறங்கிப்போய் பஸ்ஸை எடுத்துவிட்டாள்.

ஜோஸ்பின் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. அன்று மாலை அவள் சேவியரோடு பேசியது கூடத்திலிருந்து எனக்குக் கேட்டது. அவர் சத்தமாகப் பேசுகிறவர். "கெளம்பி வந்துடும்மா, இங்க சீட்டு ரெடி. நான் போயி பேர் குடுத்துட்டு வந்துடுறேன்" என்றார். மறுநாள் அருள் ஜூன் மாதத்துக்கு மஸ்கட்டிலிருந்து திருச்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான். ஜோஸ்பினுக்கு ஒன்று, அமலிக்கு ஒன்று, போக மட்டும். இப்போது எடுத்தால்தான் மலிவு என்றான். முன்னேற்பாடு என்னிடமிருந்துதான் அவனுக்கு வந்திருக்கிறது, வேறு யாரைச் சொல்ல?

ஜூனுக்கு 110 நாள் இருந்தது. அன்று மதியம் நான் நோட்டை எடுக்கவில்லை.

5

பிப்ரவரி 12, புதன். யாரிடமும் சொல்லாமல் டாக்சி பிடித்து எண் 4-க்குப் போனேன். கையில் இரண்டு பக்கக் கடிதம். அரியலூரில் பட்டப்படிப்பு படித்தபோது கற்ற இங்கிலீஷில், மதிப்பிற்குரிய அம்மையீர் என்று தொடங்கி, கீழ்க்கண்ட சில வரிகளைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று வளர்த்து, குற்றம் என்னுடையது, குழந்தையுடையது அல்ல என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். ஐந்து இணைப்புகள்: எங்கள் பகுதி உபசரிப்பு முறை பற்றி அரைப்பக்கக் குறிப்பு, பதினொரு வீடுகளின் பட்டியல், ஒன்பதுக்கு ஒன்பது என்ற பதிவின் நகல், அமலி செந்துறையில் முழுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் போட்டோ, என் அடையாள அட்டை.

முன்பதிவு இல்லாமல் யாரையும் பார்க்க முடியாது என்றார் வாசலில் இருந்தவர். சரி என்று உட்கார்ந்தேன். எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்காமல் உட்காரும் கிழவனை இந்த நாட்டில் யாரும் விரட்டமாட்டார்கள். ஒரு மணி பத்து நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள்.

சேர்க்கை அதிகாரி ஓமானி அம்மையார், நாற்பது வயது இருக்கும். கடிதத்தின் முதல் பக்கத்தை முகத்தில் எதுவும் காட்டாமல் படித்தார். நடுவில், மேசையோரம் இருந்த பிளாஸ்கிலிருந்து சின்னக் கிண்ணத்தில் காவா என்கிற ஓமானிக் காபியை ஊற்றி என் பக்கம் நீட்டினார்.

வேண்டாம், நன்றி என்றேன்.

பேரீச்சம்பழத் தட்டையும் சேர்த்து நகர்த்தினார். சிரமம் வேண்டாம், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். காலையிலிருந்து நான் ஒன்றும் குடித்திருக்கவில்லை.

அவர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். கொஞ்சம் படித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் வலது கை நெஞ்சில் இருந்தது. நான் வைத்தது எனக்கே தெரியாது.

"இப்போது மூன்றாவது தடவை கேட்கிறேன்" என்றார், இங்கிலீஷில். "எடுத்துக்கொள்வீர்களா?"

எடுத்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். வெளியே இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். தங்கள் கிராமத்திலும் விருந்தாளியை விடமாட்டார்கள் என்றும், மறுப்பதற்கும் ஊற்றுவதற்கும் நடக்கும் சண்டையைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் பயந்துபோவார்கள் என்றும் சொன்னார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது என்றுதான் எங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்றார். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் மரியாதைக்காக ஒரு தடவையோடு நிறுத்தினார்கள். எங்கள் பிள்ளை மரியாதைக்காக மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தாள். நாற்பது நிமிடம் இரண்டு மரியாதைகள் எதிரெதிரே நின்றிருக்கின்றன.

தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். இரண்டாவது ‘பார்வை’க்குத் தனிக் கட்டணம், 75 ரியால், முடிவு எதுவானாலும் திரும்பக் கிடைக்காது. நான் கட்டிவிட்டேன். இணைப்பு நான்கை மட்டும், அந்தப் போட்டோவை, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அருள் நம்பவில்லை. மறுநாள் காலை மின்னஞ்சல் வந்த பிறகுதான் நம்பினான். பிப்ரவரி 23, ஞாயிறு, இங்கே அது வேலை நாள். பத்து நாள் அவகாசம்.

6

பத்து நாளில் ஒரு வழக்கத்தைக் கழற்ற வேண்டும். ஜோஸ்பின் பொறுப்பெடுத்தாள். வீட்டில் இனி யாரும் எதையும் ஒரு தடவைதான் கேட்பது, வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவது. பிள்ளைக்கு மட்டும் என்றால் மனதில் ஏறாது, எல்லோருக்கும் சட்டம்.

முதல் பலி நான். "மாமா, இன்னொரு தோசை?" என்றாள். போதும்மா என்றேன். தோசை அருள் தட்டுக்குப் போய்விட்டது. எனக்கு இன்னும் இரண்டு தேவைப்பட்டது. கேட்கவும் கூச்சம். முதல் மூன்று நாளில் ஆறு தோசை, இரண்டு அடை, ஒரு கரண்டி ரசம் இப்படிப் போனது. என் எடை 61.4 கிலோவிலிருந்து 60.5-க்கு வந்தது. அமலி இரண்டாவது நாளே பிடித்துக்கொண்டாள். எனக்கு ஏழு நாள் ஆனது.

அவளுக்குச் சந்தேகங்கள்தான் நிறைய. "பெரம்பலூர் மாமா வூட்டுல?" என்றாள். அங்கே மூன்று. "சர்ச்சுல?" ஒன்று. "செந்துறைல?" மூன்று. லிஃப்டில் தெரியாத அங்கிள் சாக்லேட் கொடுத்தால்? நான் ஒன்றா மூன்றா என்று யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து ஜோஸ்பின் சத்தம் வந்தது. "அங்க நூறு தடவை கேட்டாலும் கெடையாது." அதையும் அமலி மனப்பாடம் செய்துகொண்டாள். நான் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாததால் வீடுகளை வரைந்து பக்கத்தில் கோடுகள் போட்டேன். பழகிப்பார்க்கக் களிமண்ணும் ஒரு டப்பா வாங்கினேன், 3 ரியால் 200 பைசா; இங்கே ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா.

எனக்குள் ஒரு பயம் மட்டும் போகவில்லை. அடுத்த லீவில் செந்துறையில் அவள் மறுபடி தட்டைப் பிடுங்கிவிட்டால்? இதை அருளிடம் சொன்னேன். அவன், "பிடுங்கட்டும்ப்பா. அத்தை வூடுதானே" என்றான்.

7

பிப்ரவரி 23. என்னைக் கண்ணாடிச் சுவர் பக்கம் வரக் கூடாது என்று அருள் சொல்லிவிட்டான். வண்டியிலேயே இருந்தேன். 47 நிமிடம். அந்த நேரத்தில் வாசலைத் தாண்டிப் போன வெள்ளை நிற வண்டிகள் 63.

அமலி வெளியே வந்தபோது முழங்கை வரை நீலம். முடியில் களிமண். இரண்டு கையிலும் பிஸ்கட். ஜோஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டு நடந்துவந்தாள், அழுகிறாளோ என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை சைக்கிளை ஓட்டிக்கொண்டு, மற்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, டிக்கெட் கொடுத்து, சுருட்டை முடி டீச்சரை ஜெயங்கொண்டத்தில் இறக்கிவிட்டாளாம்.

26-ஆம் தேதி புதன்கிழமை மதியம் இடம் கிடைத்த கடிதம் வந்தது. ஜோஸ்பின் உடனே சேவியருக்குப் போன் போட்டாள். அவர் ஊர் முழுக்கத் தங்கச்சி வருகிறாள் என்று சொல்லிவைத்திருந்தவர். "சரி விடும்மா. அந்தக் குதிரைக்குத்தான் குடுத்து வெக்கல" என்றார். டிக்கெட்டுகளை அருள் அன்றே ரத்து செய்தான். ஆளுக்கு 21 ரியால் பிடித்துக்கொண்டார்கள். அது என் தப்பால் வந்த செலவு, நான்தான் தருவேன் என்று பிடிவாதமாக நின்று கொடுத்தேன்.

அருள் சாப்பாட்டு மேசையில் சேர்க்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தான். பதினொரு பக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. குழந்தை யாருடன் வசிக்கிறது? தாய், தந்தை, இருவரும் என்று மூன்று பெட்டி.

அவன் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினான்.

"எனக்கு ஃபாதர் ஆரோக்கியம்தான் ஃபார்ம் எழுதினாரு. அம்மா கூட நின்னுச்சு" என்றான். "தகப்பனார் விலாசம்னு இருந்த எடத்துல ‘வெளிநாடு’ன்னு ஒத்தை வார்த்தை எழுதினாரு. நான் ரொம்ப நாளைக்கு அது ஒரு ஊர்ப் பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ‘இருவரும்’ என்ற பெட்டியில் குறி போட்டான். மை சரியாக விழவில்லையோ என்னவோ, அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டான். அடுத்த பக்கத்தைத் திருப்பி, "தடுப்பூசித் தேதி சொல்லுப்பா" என்றான்.

சொன்னேன்.

இரண்டாவது ‘பார்வை’க் கட்டணம், டிக்கெட் ரத்தில் போனது, டாக்சிக்குப் போகவர 9 ரியால் 500 பைசா, களிமண் எல்லாம் சேர்த்துக் கூட்டினேன். இந்த நாட்டில் ஒரு டீ குடித்தால்கூட அதை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். இதை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. 129 ரியால் 700 பைசா.